ரஷ்யக் கோஸ் சூப் 'ஷ்சி': மூன்று தடவை வைத்தும் அந்த ருசி வரவில்லை, எங்கே தப்பு?

குர்ஸ்க்வாசி
நவம்பர் 21, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். குர்ஸ்கில் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறேன், சொந்த ஊர் கரூர். இங்கே எங்கள் தெருமுனையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பனி ஆரம்பித்ததிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய் புளித்த கோஸில் மாட்டிறைச்சி போட்டு வைக்கும் ஷ்சி குடிக்கிறேன். ரஷ்ய மொழியில் இரண்டே எழுத்துதான் அந்தப் பெயர். முதல் வருடம் அந்த வாசனையே பிடிக்காது. இப்போது அது இல்லாமல் குளிர்காலமே ஓடாது போலிருக்கிறது.

அதை விடுதிச் சமையலறையில் நானே வைக்கப் பார்க்கிறேன். மூன்று தடவை வைத்துவிட்டேன், ஒரு தடவைகூட அந்த ருசி பக்கத்தில் வரவில்லை. நான் செய்தது இதுதான்: எலும்பில்லாத மாட்டிறைச்சி அரை கிலோ, சின்னத் துண்டுகள். எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டு வதக்கி, கறியைப் போட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, சந்தையில் வாங்கிய புளித்த கோஸ் அரை கிலோ, நான்கு உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேக விட்டேன்.

கறி வெந்தது. கோஸ் பல்லில் நறநறவென்று இருந்தது. உருளைக்கிழங்கு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் நடுவில் கல்லு மாதிரி. சாறு தனியாகப் புளிக்கிறது, கறி தனியாக நிற்கிறது, ஒன்றோடொன்று சேரவே இல்லை. கடையில் குடிக்கும்போது கோஸ் எது கறி எது என்று பிரிக்க முடியாத ஒரு ருசி வரும். அது எப்படி வருகிறது? இங்கே ரஷ்யாவில் இருந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், தயவு செய்து சொல்லுங்கள்.


வோல்காக்கரை
நவம்பர் 22, காலை 6.15

தம்பி, உருளைக்கிழங்குக்கு மட்டும் இப்போதே பதில் சொல்கிறேன், மீதி மாலையில். நான் வோல்காகிராதில் படித்தவன், இப்போது மதுரையில் பிராக்டிஸ்.

வீட்டில் அம்மா சாம்பார் வைக்கும்போது காய் வெந்த பிறகுதானே புளியைக் கரைத்து ஊற்றுவார்? முதலிலேயே புளி விட்டால் காய் வேகாது என்று எத்தனை தடவை கேட்டிருப்பாய். காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின், புளிப்பில் கரையாமல் இறுகி நிற்கும். புளித்த கோஸில் இருப்பது லாக்டிக் அமிலம், வேலை அதே வேலைதான். உருளைக்கிழங்கை வெறும் கறிச்சாற்றில் முழுதாக வேக விட்டு, அப்புறம் கோஸைச் சேர். இந்த ஒன்றை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.


வோலக்டா_மருமகள்
நவம்பர் 22, காலை 11.02

குர்ஸ்க் தம்பிக்கு வணக்கம். எனக்குக் கல்யாணமாகி 11 வருடமாக வோலக்டாவில் இருக்கிறேன். ஷ்சி என் மாமியாரிடம் கற்றது. அவர் வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தே இரண்டு குளிர்காலம் போனது. அவர் எதையும் அளந்து போட மாட்டார், நான்தான் கரண்டியை வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நீங்கள் சொன்ன "சேரவே இல்லை" என்பதற்குக் காரணம், கோஸைத் தனியாக வேக வைக்காததுதான். ஷ்சி ஒரே பானையில் எல்லாவற்றையும் கொட்டிக் கொதிக்க வைக்கும் சூப் இல்லை. கறிச்சாறு ஒரு பக்கம், கோஸ் ஒரு பக்கம் தயாராகி, கடைசியில்தான் சந்திக்கின்றன.

முதலில் கறி. கசாப்புக் கடையில் 'கவ்யாஜ்யா க்ருதீன்கா' என்று கேளுங்கள், மாட்டின் நெஞ்செலும்புக் கறி. ஒரு கிலோ எலும்போடு ஒரே துண்டாக. வெட்டவே கூடாது. வதக்கவும் வேண்டாம். 3 லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதி வரும் நேரத்தில் சாம்பல் நிற நுரை பொங்கும், பொறுமையாக நின்று முழுவதும் வழித்து எடுங்கள். பிறகு மேலே ஓரிரு குமிழி மட்டும் வரும்படி சிம்மில் இரண்டு, இரண்டரை மணி நேரம். பாதியில் ஒரு முழு வெங்காயம், ஒரு கேரட், கிடைத்தால் பெத்ருஷ்கா, அதாவது பார்ஸ்லி வேர் ஒன்று. உப்பு இப்போது வேண்டாம், கோஸிலேயே உப்பு இருக்கிறது.

கறி வேகும்போதே கோஸ் வேலை. 700 கிராம் புளித்த கோஸைப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ஒரு டம்ளரில் வையுங்கள். அடி கனமான சட்டியில் ஒரு பெரிய கரண்டி வெண்ணெய், அல்லது கறிச்சாற்றின் மேலே மிதக்கும் கொழுப்பு. கோஸைப் போட்டுப் பிரட்டி, கறிச்சாறு இரண்டு கரண்டி ஊற்றி, மூடி போட்டு, மிகச் சின்ன சூட்டில் ஒரு மணி நேரம். அவ்வப்போது திறந்து பார்த்து, வற்றினால் இன்னும் ஒரு கரண்டி சாறு. வெள்ளையாக இருந்த கோஸ் தேன் நிறத்துக்கு மாறும். வாசனையும் மாறும். முதலில் மூக்கில் ஏறும் புளிப்பு அடங்கி, ரொட்டி சுடும் வாசனை மாதிரி ஒன்று வரும். அதுதான் அடையாளம். ஒரு இழையை எடுத்து நாக்கில் வைத்து அண்ணத்தில் அழுத்தினால் நசுங்க வேண்டும்.

அப்புறம் எளிது. கறியை வெளியே எடுத்து, சாற்றை வடிகட்டி, அதில் உருளைக்கிழங்கை வேக விட்டு, வெந்ததும் கோஸைச் சேர்த்து, வதக்கிய வெங்காயம் கேரட்டைச் சேர்த்து இருபது நிமிடம். கறியைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்துப் போடுங்கள். பிரிஞ்சி இலை இரண்டு, முழு மிளகு பத்து, கடைசிப் பத்து நிமிடத்தில். அடுப்பை அணைத்ததும் நசுக்கிய பூண்டு இரண்டு பல், பொடியாக நறுக்கிய உக்ரோப் ஒரு கைப்பிடி. அதாவது நம்மூர் சதகுப்பைக் கீரை. இப்போது ருசி பார்த்து, புளிப்பு குறைவாக இருந்தால் டம்ளரில் வைத்த புளிநீரை ஊற்றுங்கள், உப்பும் அப்போதுதான்.

ஆனால் அன்றைக்கே சாப்பிடாதீர்கள்.


குர்ஸ்க்வாசி
நவம்பர் 22, மதியம் 1.30

அக்கா, மிக்க நன்றி. நோட்டில் எழுதி வைத்தது இப்படி எனக்கு வந்து சேரும் என்று நினைக்கவே இல்லை.

//ஆனால் அன்றைக்கே சாப்பிடாதீர்கள்//

இது ஏன்? நான் இரவு பதினொரு மணிக்குப் பசியோடு சமைக்கிறவன்.


பனையோலை
நவம்பர் 22, மாலை 4.48

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. நான் யாழ்ப்பாணம். எண்பதுகளில் மொஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்தேன். ஷ்சி என்றால் எனக்கு இன்னும் அந்த விடுதிக் குசினிதான் ஞாபகம் வரும்.

அடுத்த நாள் சூடாக்கிக் குடிக்கிற ஷ்சிக்கு ரஷ்யர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், 'சூதச்னியே' என்று. ஒரு நாள் கழிந்தது என்று பொருள். முந்தியெல்லாம் மண்பானையில் வைத்து, அடுப்பு தணிந்த பிறகு அதற்குள்ளேயே இரவு முழுக்க விட்டுவிடுவார்களாம். ரஷ்யக் கிராமத்து அடுப்பு எங்கட அடுப்பு மாதிரி இல்லை. வீட்டின் கால்வாசி இடத்தைப் பிடிக்கும் செங்கல் கட்டு, விறகு எரிந்து முடிந்தாலும் மணிக்கணக்காகச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மேலே படுத்துத் தூங்குவார்கள். அந்தத் தணிகிற சூட்டில்தான் கோவாவும் இறைச்சியும் ஒன்றாகும்.

எங்களிடம் அப்படி அடுப்பு இல்லை. ஆறு பேருக்கு ஒரு மின்னடுப்பு. என்னோடு அறையில் இருந்த ரியாசான் பொடியன் ஒரு வழி காட்டினான். ஷ்சி கொதித்து இறக்கினவுடன் மூடியை இறுக்கி மூடி, பழைய பத்திரிகைத்தாள் நாலைந்து சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் அவனுடைய கம்பளிப் போர்வையால் பொதிந்து கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவான். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தாலும் ஆவி பறக்கும். பிறகு இரவில் யன்னலுக்கு வெளியே குளிரில். காலையில் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும். அதைச் சூடாக்கினால் முதல் நாள் ஷ்சியும் இதுவும் ஒரே சட்டியில் வந்தது என்று சொல்ல முடியாது.

முந்தைய காலத்தில் தூரப் பயணம் போகிறவர்கள் ஷ்சியை உறைய வைத்து வண்டியில் கட்டிக்கொண்டு போவார்கள். தங்கும் இடத்தில் கோடாலியால் ஒரு துண்டு வெட்டி உருக்கிக் குடிப்பது. அந்த நாட்டுக் குளிர் அதுக்குத் தோதாக இருந்தது.


அடுப்படி
நவம்பர் 22, மாலை 6.20

சென்னையிலிருந்து ஒரு கேள்வி. கோவா என்றால் பால்கோவாவா? சூப்பில் எப்படி என்று குழம்பிவிட்டேன். அப்புறம், இதை பிரஷர் குக்கரில் வைக்கக் கூடாதா? நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம், ஆட்டுக்கறியில் வருமா?


பனையோலை
நவம்பர் 22, மாலை 6.55

மன்னிக்கவும் அம்மா. நாங்கள் முட்டைக்கோசை கோவா என்றுதான் சொல்வது. பழக்கத்தில் எழுதிவிட்டேன்.


வோல்காக்கரை
நவம்பர் 22, இரவு 9.10

ஆட்டுக்கறியில் வைக்கலாம், ஆனால் ஆட்டுக்கொழுப்பின் வாடை புளித்த கோஸோடு சண்டை போடும் என்பது என் அனுபவம். கழுத்துக்கறி வாங்கி, கொழுப்பை நன்றாக நீக்கிவிட்டு வைத்துப் பாருங்கள். ரஷ்யர்கள் பன்றிக்கறியில் நிறைய வைக்கிறார்கள், கோழியிலும் வைப்பார்கள். கோழி என்றால் நாட்டுக்கோழி, முற்றினது. பிராய்லர் அரை மணி நேரத்தில் கரைந்துபோகும், சாற்றில் ஒன்றும் இறங்காது.

குக்கர் பற்றி: கறியை மட்டும் குக்கரில் வேக வைத்துக்கொள்ளலாம், மதுரையில் நானும் அப்படித்தான். நுரையை எடுத்த பிறகு மூடுங்கள், இல்லாவிட்டால் சாறு கலங்கும். கோஸை மட்டும் குக்கரில் போடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடும், ஆனால் அக்கா சொன்ன தேன் நிறமும் ரொட்டி வாசனையும் வரவே வராது. குழைவது வேறு, பக்குவப்படுவது வேறு.

இன்னொன்று, குர்ஸ்க் தம்பி போட்ட இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள். நான் அதே தப்பை ஒரு வருடம் முழுக்கச் செய்தேன். அது நல்ல கறிக்குழம்பு, ஆனால் ஷ்சி இல்லை. ஷ்சியின் மணம் மிக மெல்லியது: புளித்த கோஸ், பிரிஞ்சி இலை, கடைசியில் உக்ரோப். மிளகாய் போட்டால் அது எல்லாவற்றையும் மூடிவிடும். காரம் வேண்டும் என்று நாக்கு கேட்டால் தட்டுக்குப் பக்கத்தில் ரஷ்யக் கடுகு விழுதை வைத்துக்கொள். கறுப்பு ரொட்டியில் தடவி ஒரு கடி, ஷ்சி ஒரு கரண்டி. அது மூக்கில் ஏறி உச்சந்தலையைத் தொடும்.

வோல்காகிராதில் சரெப்தா என்று ஒரு பகுதி, 1765-இல் ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய ஊர். ரஷ்யக் கடுகுக்குப் பேர்போன இடம். அங்கே விளையும் சரெப்தா கடுகு, நாம் தாளிக்கும் கடுகின் அதே இனம்தான். முதல் தடவை அந்த விழுதை வாயில் வைத்தபோது எனக்கு ஏன் வீட்டு நினைவு வந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.


மாஸ்கோ_மெட்ரோ
நவம்பர் 23, காலை 8.05

எல்லாரும் தக்காளியை விட்டுவிட்டீர்கள். மாஸ்கோவில் நான் சாப்பிடும் ஷ்சியில் எல்லாம் தக்காளி விழுது இருக்கிறது, சாறு ஆரஞ்சு நிறத்தில்தான் வரும். இரண்டு கரண்டி போட்டால் புளிப்பும் நிறமும் சேர்ந்தே கிடைக்கும். கோஸை ஒரு மணி நேரம் வதக்கிக்கொண்டு நிற்கும் அவசியமே இல்லை.


வோலக்டா_மருமகள்
நவம்பர் 23, காலை 10.31

//இரண்டு கரண்டி போட்டால் புளிப்பும் நிறமும் சேர்ந்தே கிடைக்கும்//

நிறம் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். சோவியத் கால உணவகங்களில் தக்காளிக்கூழ் சேர்க்கும் வழக்கம் இருந்தது, அது இன்றைக்கும் தொடர்கிறது. அது தப்பு என்று சொல்லவில்லை. என் கணவரின் தங்கை வீட்டிலும் போடுகிறார்கள். ஆனால் தக்காளியின் புளிப்பு வேறு, அதில் இனிப்பு இருக்கிறது. தக்காளியைச் சேர்த்தால் பீட்ரூட் இல்லாத போர்ஷ் சூப் பக்கம் போய்விடுகிறது. என் மாமியார் தக்காளி போட்டால் அந்தப் பானையைத் தொடவே மாட்டார். உருளைக்கிழங்குகூட பிறகு வந்ததுதான். ரஷ்யக் கிராமங்களில் உருளைக்கிழங்கு பரவியதே 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் சாறு கெட்டியாக ஒரு கரண்டி மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் ஷ்சியில் உருளைக்கிழங்கு இரண்டே இரண்டு, அதுவும் பெயருக்கு.

கோஸை ஒரு மணி நேரம் வேக விடுவது வீண் வேலை இல்லை, தம்பி. அந்த ஒரு மணி நேரம்தான் ஷ்சி.


மாஸ்கோ_மெட்ரோ
நவம்பர் 23, காலை 11.15

சரி அக்கா. இந்த ஞாயிறு தக்காளி இல்லாமல் ஒரு தடவை வைத்துப் பார்க்கிறேன். நான் வீட்டில் வைத்தது இதுவரை தக்காளியோடு மட்டும்தான், ஒப்பிட்டுச் சொல்ல எனக்கே வழி இல்லை.


குர்ஸ்க்வாசி
நவம்பர் 23, மாலை 5.50

இன்றைக்குச் சந்தைக்குப் போனேன். புளித்த கோஸ் விற்கும் பாட்டிகள் வரிசையாக ஏழெட்டுப் பேர், ஒவ்வொருவர் முன்னாலும் வெள்ளை எனாமல் வாளி. முள்கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் வைக்கிறார்கள், ருசி பார்க்கச் சொல்கிறார்கள். ஒன்று இனிப்பாக இருந்தது, ஒன்றில் சிவப்புக் குருதிநெல்லி மாதிரிப் பழம், ஒன்று வாய் கூசும் புளிப்பு. எதை வாங்குவது என்று தெரியாமல் எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன். சூப்புக்கு எது?


வோலக்டா_மருமகள்
நவம்பர் 23, இரவு 7.22

இனிப்பாக இருந்தது வினிகரும் சர்க்கரையும் போட்டு ஒரே நாளில் ஊற வைத்தது. சாலட்டுக்கு நன்றாக இருக்கும், ஷ்சிக்கு ஆகாது. பழம் போட்டது க்ளூக்வா. அதுவும் அப்படியே எண்ணெய் விட்டுச் சாப்பிடத்தான். உங்களுக்கு வேண்டியது வாய் கூசிய அந்த வாளிதான். கோஸும் உப்பும் கொஞ்சம் கேரட்டும் மட்டும் போட்டுத் தானாகப் புளித்தது. பாட்டியிடம் "நா ஷ்சி" என்று சொல்லுங்கள், ஷ்சிக்கு என்று பொருள். அவரே சரியான வாளியிலிருந்து எடுப்பார், கூடவே ஒரு பையில் புளிநீரும் ஊற்றித் தருவார். கேட்டால் தருவார், கேட்காவிட்டால் தரமாட்டார்.

முடிந்தால் வீட்டிலேயே போடுங்கள், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இங்கே அக்டோபர் 14 பொக்ரோவ் திருநாளை ஒட்டித்தான் எங்கள் வீட்டில் கோஸ் போடுவோம். அந்த நேரத்துக் கோஸ் முதல் குளிர் பட்டு இறுகி, இனிப்பு ஏறியிருக்கும். அதிலுள்ள சர்க்கரைதானே புளிப்பாக மாறுகிறது! கோடையில் வரும் பச்சை நிறத்துத் தளர்ந்த கோஸ் புளிக்காது, கொழகொழத்துப் போகும். முன்பெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து ஒவ்வொரு வீடாகப் போய் நறுக்கித் தருவார்களாம், பாட்டும் பலகாரமுமாக. அந்தக் கூடலுக்குப் பெயர் கபூஸ்த்னிக். இன்றைக்கு அதே சொல், நண்பர்கள் சேர்ந்து போடும் கேலி நாடக நிகழ்ச்சிக்கு வழங்குகிறது.

அளவு: நறுக்கிய கோஸ் ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு. அயோடின் சேர்க்காத கல்லுப்பு. கையால் தண்ணீர் விடும்வரை பிசையுங்கள். என் மாமியார், கோஸைக் கைப்பிடியாக எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்ட வேண்டும் என்பார். மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடியில் இறுக்கி அழுத்தி, தண்ணீர் கோஸை மூடியபடி நிற்க வேண்டும். அறைச் சூட்டில், 20 டிகிரி வாக்கில், மூன்று நான்கு நாள். தினம் இரண்டு தடவை மரக்குச்சியால் அடிவரை குத்தி வாயுவை வெளியே விடுங்கள். இதை மறந்தால் கோஸ் கசக்கும். ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், பொங்கி வழியும். நுரை அடங்கித் தண்ணீர் தெளிந்ததும் குளிரில் வைத்துவிடலாம். ஷ்சிக்கு ஒரு மாதம் போனது இன்னும் நல்லது.


அடுப்படி
நவம்பர் 23, இரவு 8.40

இதை சென்னை வெயிலில் போட்டால்?


வோல்காக்கரை
நவம்பர் 23, இரவு 10.05

மதுரையில் நான் முதலில் மே மாதம் போட்டேன், அது என் முட்டாள்தனம். இரண்டாம் நாளே பொங்கி முடிந்துவிட்டது, நாலாம் நாள் கோஸ் கையில் எடுத்தால் வழுக்கியது. அப்படியே கொட்டினேன். இப்போது மார்கழி, தை மாதங்களில் மட்டும். வீட்டில் தரை ஓரமாக, காற்று வரும் இடத்தில், ஈரத்துணி சுற்றி வைக்கிறேன். இரண்டு நாளில் ருசி பார்த்து, புளிப்பு தொடங்கியதுமே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், மீதி அங்கே மெதுவாகப் புளித்துக்கொள்ளும். உப்பு 25 கிராமுக்குக் குறையாமல் போடுங்கள். மேலே வழவழப்போ நிறம் மாறிய பூஞ்சணமோ வந்தால் யோசிக்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

நம் ஊரில் கிடைக்கும் கோஸில் இறுக்கமான, வெள்ளையான, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் தலையாகப் பாருங்கள். ஊட்டிக் கோஸ் எனக்கு நன்றாக வந்தது.


கரிசல்மண்
நவம்பர் 24, காலை 7.12

நான் சைவம். இழை தொடங்கியதே கறி ஷ்சியில்தான் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். கறி இல்லாமல் இதற்கு உயிர் உண்டா?


பனையோலை
நவம்பர் 24, காலை 9.40

நல்லாக உண்டு. ஓர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்பு நாட்கள் ஆண்டில் கனக்க. அந்த நாட்களில் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. அப்போது வைக்கிறது காய்ந்த வெள்ளைக் காளான் (போர்சினி) ஷ்சி. ஒரு கைப்பிடி காளானை இரவு ஊற வைத்து, அந்த ஊறின தண்ணியோடே அவித்தால் இறைச்சிச் சாறு தோற்கும். காளான் மணம் குசினியைத் தாண்டி நடைபாதை வரை போகும். எங்கட விடுதியில் அந்த மணம் வந்தால் பக்கத்து அறைக்காரர் கரண்டியோடு வந்து நிற்பார்கள்.

சோவியத் காலத்தில் வியாழக்கிழமை உணவகங்களில் மீன் நாள், 1976-இலிருந்து. இறைச்சிச் சமையல் கிடையாது. அன்றைக்கு இறைச்சி ஷ்சி வேண்டும் என்றால் நாங்களே வைத்தால்தான் உண்டு. நான் ஷ்சி வைக்கப் பழகினதே அந்த வியாழக்கிழமைகளில்தான்.

ரஷ்யர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது: 'ஷ்சி தா காஷா, பீஷா நாஷா.' ஷ்சியும் காஷாவும் எங்கள் சாப்பாடு என்று. காஷா என்றால் கோதுமைக் குருணை மாதிரி, பெரும்பாலும் பக்வீட் என்ற தானியத்தில் குழைய அவிக்கிற சோறு. உண்மையாகவே ஷ்சிக்குப் பக்கத்தில் அந்தக் காஷாவை வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். எங்கட சோறும் ரசமும் மாதிரி ஒரு பொருத்தம்.


வோலக்டா_மருமகள்
நவம்பர் 24, மதியம் 12.18

பனையோலை ஐயா சொன்னதோடு எங்கள் வடக்குப் பக்கத்து ஷ்சியையும் சொல்லிவிடுகிறேன், தெற்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. வோலக்டா, நோவ்கொரத், ப்ஸ்கோவ் பக்கம் 'சேரியே ஷ்சி' என்று உண்டு, சாம்பல் நிற ஷ்சி. நீங்கள் கோஸை நறுக்கும்போது பிய்த்து எறிவீர்களே, வெளியே விரிந்திருக்கும் பச்சை இலைகள், அதில்தான் வைப்பது. வெள்ளைக் கோஸ் விற்பனைக்குப் போகும், ஏழை வீட்டுக்கு மிஞ்சியது பச்சை இலை. அப்படித்தான் வந்திருக்கும் என்று மாமியார் சொல்வார்.

அந்த இலைகளை மரத்தொட்டியில் போட்டு, பிறை மாதிரி வளைந்த இரும்புக் கத்தியை நட்டுக்குத்தாகப் பிடித்து, தொம் தொம் என்று பொடிப்பொடியாக வெட்டுவார்கள். அரிசி அளவுக்கு வரும். அதன் மேல் உப்பும் ஒரு பிடி ரை மாவும் தூவிப் புளிக்க வைத்தால் அது 'க்ரோஷெவோ'. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அதன் நிறம் பிடிக்காது. பன்றி விலாக்கறியும் ஒரு கைப்பிடி பார்லியும் சேர்த்து, ஓவனில் 130 டிகிரியில் மண்பானையை மூடி நான்கு மணி நேரம் வைத்து எடுத்தால், வெள்ளைக் கோஸில் வராத ஒரு ஆழம் அதில் இருக்கும். எனக்கு இப்போது வெள்ளைக் கோஸ் ஷ்சியைவிட இதுதான் பிடிக்கும். இங்கே வந்த புதிதில் ஒரு வாய் வைத்துவிட்டு அழாத குறையாக எழுந்து போனவள் நான். மாமியார் ஒன்றும் சொல்லாமல் அன்றைக்கு எனக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுத்தார்.


மாஸ்கோ_மெட்ரோ
நவம்பர் 24, இரவு 9.55

சொன்னபடி இன்றைக்குத் தக்காளி இல்லாமல் வைத்தேன். கோஸை ஒரு மணி பத்து நிமிடம் மூடி போட்டு வேக விட்டேன். நிறம் வெளிர் பழுப்பு, பார்க்கத் தக்காளி போட்டது மாதிரி கவர்ச்சியாக இல்லை. ஆனால் சாறு வழவழவென்று கனமாக இருக்கிறது. கோஸின் புளிப்பு நாக்கின் நுனியில் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. தக்காளி போட்டபோது இது எனக்குத் தெரிந்ததே இல்லை. மனைவிக்கு இன்னும் தக்காளி போட்டதுதான் பிடிக்கிறது. இனிமேல் இரண்டு விதமும் வைப்போம்.

ஒரு சந்தேகம். எனக்குக் கடைசியில் புளிப்பு ரொம்ப ஏறிவிட்டது. கோஸை முதலிலேயே கழுவியிருக்க வேண்டுமா?


வோல்காக்கரை
நவம்பர் 24, இரவு 10.20

கழுவாதே. கழுவினால் புளிப்போடு ருசியும் போய்விடும். நன்றாகப் பிழிந்தால் போதும். வேகும் கோஸில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடு, அல்லது பாதிப் புளித்த கோஸ், பாதிப் பச்சைக் கோஸ் என்று வை. பச்சைக் கோஸைத் தனியாக வதக்க வேண்டாம், நேராகச் சாற்றில் போடலாம், பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். பரிமாறும்போது ஒரு கரண்டி ஸ்மெதானா (புளித்த பாலாடை) போட்டாலும் புளிப்பு இதமாகிவிடும். கொதிக்கும் பானையில் போடாதே, திரிந்துபோகும். கிண்ணத்தில் போட்டுக்கொள்.


குர்ஸ்க்வாசி
நவம்பர் 26, காலை 7.30

நேற்று முன்தினம் மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். "நா ஷ்சி" என்று சொன்னதும் பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன்னால் இருந்த வாளியை விட்டு, கீழே துணி போட்டு மூடியிருந்த வாளியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புளிநீரும் கேட்டேன், ஒரு பை நிறையக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நெஞ்செலும்புக் கறி 1,100 கிராம். நுரை எடுக்க இருபது நிமிடம் பானை முன்னால் நின்றேன். இதுவரை இந்த நுரையை நான் எடுத்ததே இல்லை, அது சாற்றிலேயே கரைந்துதான் கலங்கலாக இருந்திருக்கிறது. கோஸ் ஒரு மணி நேரம் கழித்தும் நிறம் மாறவில்லை என்று பயந்தேன். எங்கள் அடுப்பின் சின்னத் தட்டில் சூடு போதவில்லை. பெரிய தட்டுக்கு மாற்றி இன்னும் நாற்பது நிமிடம் வைத்தேன், அப்போதுதான் அக்கா சொன்ன ரொட்டி வாசனை வந்தது. திடீரென்றுதான் வந்தது. சமையலறைக்குள் வந்த இரண்டாம் வருடப் பையன் "யாராவது பேக்கரியிலிருந்து வாங்கி வந்தீர்களா?" என்று கேட்டான்.

உருளைக்கிழங்கு பதினெட்டு நிமிடத்தில் வெந்தது! ஒரு வாரம் நான் பட்ட பாடு அந்தப் பதினெட்டு நிமிடத்தில் தீர்ந்தது. வோல்காக்கரை அண்ணாவுக்கு நன்றி. அம்மாவிடம் போனில் சொன்னேன். "இதைக்கூடவா ரஷ்யாவில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று சிரித்தார்.

இரவு பத்து மணிக்கு இறக்கியபோது நல்ல பசி. ஒரே ஒரு கரண்டி மட்டும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கடை ருசி இல்லை. பனையோலை ஐயா சொன்னபடி போர்வையில் சுற்றி வைத்தேன், அதே போர்வை மறுநாள் எனக்கு வேண்டுமே என்று இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் பானையை விட்டுச் சுற்றினேன். நடு இரவில் எழுந்து பால்கனியில் வைத்தேன். வெளியே மைனஸ் ஆறு.

நேற்று வகுப்பு முடிந்து வந்து எடுத்தபோது மேலே கொழுப்பு தட்டு மாதிரி உறைந்திருந்தது, கரண்டியால் உடைத்தேன். சூடாக்கிக் குடித்தேன். ஸ்மெதானா, கறுப்பு ரொட்டி, கொஞ்சம் கடுகு விழுது. அதேதான். தெருமுனைக் கடையின் ருசி அப்படியே என்று சொல்ல மாட்டேன், அதைவிட இதில் கறி அதிகம், புளிப்பு ஒரு படி குறைவு. ஆனால் கோஸ் எது கறி எது என்று தெரியாத அந்த இடத்துக்கு வந்துவிட்டது.


வோலக்டா_மருமகள்
நவம்பர் 26, காலை 9.14

படித்துவிட்டு மாமியாருக்கு ரஷ்ய மொழியில் சொன்னேன். துணி மூடின வாளியிலிருந்து பாட்டி எடுத்துக் கொடுத்ததைக் கேட்டு, "அது அவள் தன் வீட்டுக்கு வைத்திருந்தது" என்றார். அடுத்த தடவை போகும்போது அந்தப் பாட்டிக்கு ஷ்சி ஒரு ஜாடி கொண்டுபோய்க் கொடுங்கள்.


குர்ஸ்க்வாசி
நவம்பர் 26, காலை 9.40

இன்னும் அரைப்பானை பால்கனியில் இருக்கிறது, அக்கா. சனிக்கிழமை சந்தை. கொண்டுபோகிறேன்.